அண்ணி பார்க்காத கடைசி ஓவர்

எங்கள் வீட்டில் கிரிக்கெட் தெரிந்தவர் ஒருவர்தான். அது நான் இல்லை, என் அண்ணன் இளங்கோவனும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் கத்துகிறவர்கள். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன், அண்ணன் ஆபீஸ் கேப் ஓட்டுபவன். இருந்தாலும் நாட்டின் பெரிய பெரிய பேட்ஸ்மேன்களுக்கெல்லாம் சோபாவில் சாய்ந்தபடி புத்தி சொல்வோம். ஆட்டம் தெரிந்தவர் அண்ணனின் மனைவி ஜானகி அண்ணி. பவுலரின் மணிக்கட்டைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர் பதினாறு வருஷத்தில் எங்கள் வீட்டில் முக்கியமான ஒரு ஆட்டத்தைக்கூடக் கடைசி பந்துவரை பார்த்ததில்லை. பார்க்க நாங்கள் விட்டதில்லை. அந்த அநியாயத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவன் நான். அதனால் இதைச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

அண்ணி பிறந்து வளர்ந்தது பெங்களூர் ஒக்கலிபுரத்தில். அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன். ரயில்வே காம்பவுண்டுச் சுவருக்கும் வரிசை வீடுகளுக்கும் நடுவே இருந்த சந்தில், இரண்டு தம்பிகளோடும் அக்கம்பக்கத்துப் பையன்களோடும் அண்ணி பதின்மூன்று வயதுவரை ஆடியிருக்கிறார். இடது கை ஸ்பின். பந்து சுவரைத் தாண்டினால் அவுட், எடுத்து வர வேண்டியதும் அடித்தவன்தான். "அக்கா போட்டா எங்க தெரு பசங்க தாண்டி அடிக்கவே பயப்படுவாங்க மாமா" என்று கல்யாணப் பந்தியில் அவர் தம்பி என்னிடம் பெருமையடித்தான். வயதுக்கு வந்ததும் சந்தில் ஆடுவது நின்றது. அதன் பிறகு ரேடியோவில் கன்னடக் கமெண்டரி, அக்கம்பக்கத்து டிவி, பேப்பரின் கடைசிப் பக்கம். பெண் பார்க்க வந்த என் அண்ணனிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "உங்க வீட்ல மேட்ச் பார்ப்பீங்களா?" என்பதுதான். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஆசையோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

2009 மே மாதம். கல்யாணம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெங்களூர் டீம் ஆடும் இருபது ஓவர் ஃபைனல் தென்னாப்பிரிக்காவில் நடக்கிறது, நாங்கள் விவேக் நகரில் உட்கார்ந்திருக்கிறோம். நூற்று நாற்பத்து நாலு அடித்தால் பெங்களூருக்குக் கப்பு. புதுப்பெண் எவ்வளவு நேரம்தான் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார்? முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, சுவர் ஓரமாக நின்றார். அந்தப் பந்திலேயே நம் விக்கெட் ஒன்று போனது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, வாய் சும்மா இருக்காத வயது.

"இன்னா அண்ணி, நீங்க கால் வெச்ச நேரம் இப்படி ஆயிடுச்சே!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஆறு ரன்னில் தோற்றோம். சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்தபடி, "அவ வராம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்டா" என்றான். அதில் சிரிப்பு இல்லை. கல்யாணமாகி வந்த பெண்ணைப் பார்த்து 'கால் வைத்த நேரம்' என்று சொல்வது எப்பேர்ப்பட்ட பேச்சு என்று எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆனது. வீட்டில் ஒரு சாவு விழுந்தாலோ வேலை போனாலோ எடுக்கிற சொல் அது. நான் அதை ஒரு கிரிக்கெட் மேட்சுக்கு எடுத்தேன்.

2011 ஃபைனலில் முதல் ஓவரிலேயே பெரிய விக்கெட் விழுந்தது. கைக்குழந்தை ரூபினியைத் தூங்கவைத்துவிட்டு அண்ணி எட்டிப் பார்த்த நேரம். 2016 ஃபைனல் நம் ஊர் மைதானத்திலேயே நடந்தது. இருநூற்று ஒன்பது வேண்டும். பத்து ஓவரில் விக்கெட்டே இல்லாமல் நூற்றுப் பதினாலு வந்துவிட்டது. இனி என்ன ஆகப்போகிறது என்று நானே சமையலறைக்குப் போய், "வாங்க அண்ணி, இன்னைக்கு ஜெயிச்சாச்சு, வந்து உக்காருங்க" என்று கூட்டி வந்தேன். சோபாவின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தார். அடுத்த ஓவரில் முதல் விக்கெட். பிறகு மளமளவென்று எல்லாம் சரிந்து எட்டு ரன்னில் போயிற்று. அன்று யாரும் அண்ணியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் மோசம். அதற்கப்புறம் மேட்ச் சூடுபிடிக்கும்போது அவராகவே எழுந்து போகப் பழகிவிட்டார். எழுந்திருக்க மறந்தால் அண்ணன், "ஜானகி, கொஞ்சம் காபி போடேன்" என்பான். அந்தக் காபியை யாரும் குடித்ததில்லை. அது எதற்கான காபி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கிறுக்குத்தனம் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, ஊர் முழுக்க உண்டு. என் இடம் சோபாவின் இடது மூலை. பந்து வீசும்போது நகரக்கூடாது. அண்ணன் கால்மேல் கால் போட்டால் பவுண்டரி வரும். ரூபினி ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டால் எதிராளி அவுட் ஆவான். எல்லோருக்கும் ஒரு இடம், எல்லோருக்கும் ஒரு வேலை. அண்ணியின் வேலை அங்கே இல்லாமல் இருப்பது.

வெளியே போனவர் எங்கே போனார் என்று நான் பல வருஷம் கேட்கவே இல்லை. போன வருஷம் ஏப்ரலில் ஒரு மேட்ச் நடக்கும்போது எங்கள் வீட்டு இன்வெர்டர் கூவ ஆரம்பித்தது. சுவிட்சை அணைக்க வெளியே வந்தேன். அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. மடியில் உரித்த பட்டாணிக் கிண்ணம்.

"சிக்ஸ்" என்றார்.

ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிவியில் பவுலர் இன்னும் ஓடி வரவே ஆரம்பிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பந்து கேலரியில் விழுந்தது, அண்ணன் குதித்தான்.

நான் அண்ணியையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தேன். அண்ணி கண்ணைத் திறந்து சிரித்தார். "பயந்துட்டியா? கீழே ஃபாத்திமா அக்கா வீட்ல கேபிள். நம்ம வீட்ல வைஃபைல வருது. அவங்களுக்கு முன்னாடி, நமக்கு பின்னாடி. அவங்க பசங்க கத்தறத வெச்சே சொல்லிடலாம் கிரண். சிக்ஸுன்னா எல்லாரும் ஒண்ணா ஆரம்பிப்பாங்க, நீளமா போகும். ஃபோர்னா மொதல்ல ஒருத்தன், அப்புறம் மத்தவங்க. நம்ம விக்கெட் போச்சுன்னா சத்தமே இருக்காது, அக்காவோட தையல் மிஷின் சத்தம்தான் கேக்கும்."

கீழ்வீட்டு ஃபாத்திமா அக்கா பிளவுஸ் தைப்பவர். அவர் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார்: "ஆவ் ஜானகி, உள்ள வந்து உக்காரு. படியில இன்னாத்துக்கு?" அண்ணி போனதில்லை. எங்கே பார்த்தாலும் பார்த்ததுதானே, வீட்டில் இருப்பவர்களை ஏமாற்றலாம், ஆட்டத்தை எப்படி ஏமாற்றுவது என்று அவருக்கு யோசனை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: நான் விளையாட்டாகச் சொன்னதை, அண்ணன் அரைகுறையாக நம்பியதை, அண்ணி முழுசாக நம்பியிருக்கிறார். இன்வெர்டரை அணைத்துவிட்டு நான் என் மூலைக்குப் போய் உட்கார்ந்தேன். அதைத்தான் செய்தேன், வேறென்ன.

2025 ஜூன் மூன்றாம் தேதி நம் டீம் முதல் தடவையாகக் கப்பை ஜெயித்து, பதினெட்டு வருஷக் காத்திருப்பு முடிந்தது எல்லோருக்கும் தெரியும். அன்று காலையில் அண்ணி குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார், சாயங்காலம் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். ஆட்டம் தொடங்கும் முன்பே படிக்குப் போய்விட்டார். எங்களுக்குத் தெரிவதற்கு அரை நிமிஷம் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. அரை நிமிஷம் அந்தப் படியில் தனியாக, கப்பு நமக்கு என்று தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். சொன்னால் எங்களுக்குச் சப்பென்று ஆகிவிடுமாம். நாங்கள் கத்திய பிறகுதான் உள்ளே வந்தார். அழுதிருந்தது தெரிந்தது. அண்ணன் ஓடிப் போய் அவர் வாயில் மைசூர்பாகைத் திணித்து, "நீ உள்ள வராம இருந்தே பாரு, அதான்டி! நீதான் ஜெயிக்க வெச்சே!" என்றான். அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். கட்டிக்கொண்டு சொன்னான். அண்ணியும் தலையை ஆட்டினார். எனக்குத்தான் வாயில் இருந்த இனிப்பு இறங்கவில்லை. பதினாறு வருஷம் தோற்றபோதுகூட ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. ஜெயித்ததும் தீர்ப்பே எழுதியாகிவிட்டது.

மறுநாள் வெற்றிக் கொண்டாட்டத்துக்குக் கூடியவர்களில் பதினோரு பேர் மைதானத்து வாசலில் நெரிசலில் இறந்துபோனார்கள். அன்று எங்கள் வீட்டில் டிவி போடவில்லை. அண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணி வேலை செய்வது ஈஜிபுராவில் ஒரு பெண்கள் பி.ஜி. விடுதியில். நாற்பது பெண்களுக்கு மூன்று வேளை சமையல். அக்டோபர் கடைசியில் பெண்கள் உலகக் கோப்பை செமி ஃபைனல். எங்கள் வீட்டில் அண்ணனோ நானோ அதைச் சீந்தக்கூட இல்லை. அங்கே சாப்பாட்டு ஹாலில் எல்லாப் பெண்களும் டிவி முன்னால் கூடிவிட்டார்கள். குழம்பைப் பரிமாறிவிட்டு அண்ணி நழுவப் பார்த்திருக்கிறார். நிருபமா என்ற மைசூர்ப் பெண் விடவில்லை.

"ஆன்ட்டி, கூத்கொள்ளி. எல்லிகூ ஹோகபேடி" என்று கன்னடத்தில், எங்கேயும் போகாமல் உட்காரச் சொல்லித் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டியிருக்கிறாள்.

"நான் பார்த்தா அவுட் ஆயிடும்மா" என்று அண்ணி நிஜமாகவே பயந்து சொல்ல, நாற்பது பெண்களும் சிரித்திருக்கிறார்கள். என்னைப்போல் சிரித்த சிரிப்பு இல்லை அது. 'என்ன பைத்தியம் ஆன்ட்டி நீங்க' என்ற சிரிப்பு.

முன்னூற்று முப்பத்தொன்பது. பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் துரத்திப் பிடிக்காத எண்ணிக்கை. அண்ணி கடைசி பந்துவரை உட்கார்ந்து பார்த்தார். ஒரு பவுண்டரியில் ஆட்டம் முடிந்தபோது அந்தப் பெண்கள் அவரைத் தூக்கியேவிட்டார்களாம். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முழுசா பார்த்தேன்! நான் பார்த்துட்டே இருக்கேன், அவங்க கேட்ச் விடறாங்க! நம்ம பொண்ணு அடிச்ச பந்து, கையில வந்து விழுந்து நழுவுது. நான் பார்க்கும்போதே! இப்ப இன்னா சொல்றீங்க?" என்று அண்ணனைக் கேட்டார். பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை அவருக்கு நான் பார்த்ததில்லை. கோர்ட்டில் விடுதலையாகி வந்தவர் முகம்.

அண்ணன் மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல், "பொண்ணுங்க மேட்ச்தானே, அதுக்கு ராசி கீசியெல்லாம் கிடையாது" என்றான்.

மூன்றே நாளில் அவனுக்கு அது பெண்கள் மேட்ச் இல்லாமல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். ஊரே பேசுகிறது, கேப் டிரைவர்கள் குரூப்பில் எல்லாம் அதே பேச்சு. அண்ணன் சிப்ஸ் பாக்கெட்டுகளோடு வந்து உட்கார்ந்தான். மழையால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. அதற்குள் அண்ணி ராத்திரிச் சமையலையும் முடித்து, நீலச் சேலை கட்டி, சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு சோபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது, நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்ற சோம்பேறிச் சந்தோஷம்.

நாம் அடித்தது இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. தென்னாப்பிரிக்கா துரத்த ஆரம்பித்தது. ஐம்பது தாண்டியதும் ஒரு ரன் அவுட். அண்ணி நாற்காலியில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் ரன் எதுவும் எடுக்காமலே போனாள். அண்ணி நாற்காலியில் இருந்தார். இந்த இரண்டையும் நான் இங்கே கணக்கில் சேர்க்கிறேன், ஏனென்றால் அன்று எங்கள் வீட்டில் யாரும் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேர் நிலைத்து நின்றுவிட்டார்கள். விக்கெட்டே விழவில்லை. நூறு தாண்டியது. அண்ணன் கால் மாற்றிப் போட்டுப் பார்த்தான், நான் என் மூலையில் இன்னும் ஒடுங்கினேன்.

"வழக்கமா போடறவங்க போட்டா இப்ப வேலைக்கு ஆவாது. பேட்டிங் ஆடற பொண்ணு யார் கையிலயாவது பந்தை குடுக்கணும். அவங்க எதிர்பார்க்காத ஆளா இருக்கணும்" என்றார் அண்ணி.

அண்ணன் தரையைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, "ஜானகி, கொஞ்சம் காபி போடேன்" என்றான்.

ரூபினி திரும்பினாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கோபம் மூக்கின் மேல். "அப்பா, அம்மா செமி ஃபைனல் முழுசா பார்த்தாங்க!"

"அது செமி. இது ஃபைனல். ரிஸ்க் எதுக்குமா?"

அண்ணி யாரையும் பார்க்கவில்லை. இல்லை, என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் வாயைத் திறந்து, 'உக்காருங்க அண்ணி, எங்கயும் போகாதீங்க' என்று சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார். மூன்று நாளுக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒரு மைசூர்ப் பெண் சொன்னதை, பதினாறு வருஷம் அவர் கையால் சாப்பிட்ட நான் சொல்லவில்லை. ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த விக்கெட் வேண்டியிருந்தது.

அவர் நாற்காலியை எடுத்து, சத்தம் வராமல் மேஜைக்கடியில் தள்ளிவிட்டுச் சமையலறைக்குப் போனார். கேப்டன் பந்தை வழக்கமாகப் போடாத ஒரு பேட்டிங் பெண்ணிடம் கொடுத்தார். அந்த ஓவரிலேயே அவள் கையிலேயே கேட்ச். அடுத்த ஓவரில் இன்னொன்று. அண்ணன் எழுந்து நின்று கூத்தாடினான். "பார்த்தியாடா! பார்த்தியா! அவ எழுந்து போனதும்!" அண்ணி சொன்ன மாதிரி ஆளே போட்டு, சொன்னபடியே விழுந்தது என்பதைச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். நானும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். உலகக் கோப்பை வந்தது. அன்று காபியும் வந்தது, ஆறிப்போய், நான்கு டம்ளரில்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் கூட ஆகியிருக்கவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் அண்ணியைக் கூட்டிவர பி.ஜி.க்குப் போனேன். பெண்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அண்ணி கேஸை மூடி, பாத்திரங்களைக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தார். காலி ஹாலில் இரண்டு டம்ளர் டீயோடு உட்கார்ந்தோம். நான் சும்மா இருக்க முடியாமல், "வர்ற வருஷம் எப்படி அண்ணி? கப்பு மறுபடி நமக்கா?" என்று கேட்டேன்.

அவருக்கு எல்லாம் விரல் நுனியில் இருந்தது. ஜனவரியில் பெண்கள் லீக், பிப்ரவரியில் ஆண்கள் இருபது ஓவர் உலகக் கோப்பை, அதற்கப்புறம் நம் டீம். ஏலத்தில் எடுத்தவர்களில் யார் தேறுவார், நடுவில் அடிக்க யார் வேண்டும், கடைசி நாலு ஓவருக்கு ஒரு இடது கைப் பவுலர் இருந்தால் எப்படி இருக்கும். நம் மைதானத்தில் ஆட்டம் நடக்குமா நடக்காதா என்று அப்போது யாருக்கும் தெரியாது. நடந்தால் பிட்ச் எப்படி மாறும் என்றுகூட யோசித்து வைத்திருந்தார். நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு என்ன ஆசை அண்ணி? டீமுக்கு இல்ல, உங்களுக்கு."

டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "சொன்னா சிரிக்கக்கூடாது."

"சிரிக்கமாட்டேன்."

"ஜெயிக்கறத ரெண்டு தடவை கேட்டுட்டேன் கிரண். படியில ஒண்ணு, சமையல் ரூம்ல ஒண்ணு. கேட்டதே போதும், நல்லாத்தான் இருந்துச்சு. இந்த வருஷம் உங்களோட உக்காந்து ஒரு மேட்ச் தோக்கணும்."

எனக்குப் புரியவில்லை.

"தோத்துட்டா நீங்க எல்லாரும் ஒண்ணா மூஞ்சியை தொங்கப் போட்டுக்கிட்டு இருப்பீங்க இல்ல, யாரும் பேசாம, டிவியை அணைக்கக்கூட மனசு வராம? நான் உள்ளேர்ந்து வருவேன், நீங்க எல்லாரும் என்னைப் பார்ப்பீங்க. அது வேணாம். அந்த சோபாவுல நானும் உங்கள்ல ஒருத்தியா, மூஞ்சியை தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். கடைசி பந்து வரைக்கும். அவ்ளோதான்."

எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது. "நான்தான் அண்ணி ஆரம்பிச்சேன். அன்னைக்கு நான் ஏதோ வாய்க்கு வந்ததை..." என்று தொடங்கினேன்.

"தெரியும். சின்னப் பையன் நீ அப்ப" என்றார், அத்தோடு முடிந்தது என்பதுபோல.

"இந்த வருஷம் நீங்க உக்காருறீங்க. அண்ணன் கிட்ட நான் பேசறேன். நான் சொல்றேன்."

"நெஜமாவா?"

அந்த 'நெஜமாவா'வுக்கு 'ஆமாம்' என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். ஒரே சொல். அதற்குள் என் மண்டைக்குள் மே மாதம் வந்துவிட்டது. ஃபைனல், கடைசி ஓவர், ஆறு பந்தில் பத்து ரன், அண்ணி என் பக்கத்தில். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் என் வாய் சொன்னது இதைத்தான்:

"லீக் மேட்ச் எல்லாத்துக்கும் உக்காருங்க அண்ணி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது: முதல் சுற்று ஆட்டங்களுக்கு மட்டும், ஃபைனலுக்கு இல்லை. பத்தொன்பது வயதில் சொன்னதாவது விளையாட்டு. இது முப்பத்தைந்து வயதில், யோசித்துச் சொன்னது. அண்ணி என் முகத்தைப் பார்த்தார். கோபப்படுவார், திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன். எது செய்திருந்தாலும் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"லீக் மேட்ச் எத்தனை?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாததா?

"பதினாலு."

"பதினாலு!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே மலர்ந்தது. "பதினாலு மேட்ச் முழுசாவா? அதுல எப்படியும் நாலஞ்சாவது தோப்போம் இல்ல?"

தலையாட்டினேன். அவர் டம்ளர்களைக் கழுவி வைத்து, ஹாலைப் பூட்டி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறினார். சிக்னல் வருவதற்கு முன்பே ரூபினிக்கு போன் போட்டு, "பதினாலு மேட்ச்டி! சித்தப்பா சொல்லிட்டான்!" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். வீடு வரும்வரை எந்தெந்த ஊரில் யாரோடு ஆட்டம் வரலாம், எதில் தோற்க வாய்ப்பு அதிகம் என்று என் தோளுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தார்.